பேரிடரும் மக்கள் நினைவும்

பேரழிவு ஒன்று நிகழ்ந்து முடிந்தபின் எஞ்சுவது யாது? இடிந்த வீடுகளை மீண்டும் கட்டிவிடலாம். உடைந்த பாலங்களைத் திருத்திவிடலாம். வெள்ளம் வடிந்த வயலிலே அடுத்த போகத்துக்கு விதைத்துவிடலாம். இறந்தோர் மட்டும் திரும்புவதில்லை. அவர்களுக்கு ஈடாக உயிரோடிருப்போரிடம் எஞ்சி நிற்பது நினைவு ஒன்றே. அந்நினைவை ஒரு சமுதாயம் எவ்வாறு போற்றுகின்றது, அதற்கு எவ்வாறு பொருள் காண்கின்றது, சில வேளைகளில் எவ்வாறு அதனை இழந்துவிடுகின்றது என்பனவே இன்றைய பேச்சின் பொருள். இது வெறும் வரலாற்று ஆராய்ச்சி அன்று. நினைவு நிலைத்த இடத்தில் மக்கள் பிழைத்திருக்கின்றனர். நினைவு அற்ற இடத்தில் மாண்டிருக்கின்றனர். ஆதலின் இஃது உயிரோடு தொடர்புடைய பொருளாகும்.

பேரிடர் நேர்ந்தபின் மக்கள் முதலிற் செய்வது அதற்குப் பெயரிடுதல். 1876ஆம் ஆண்டு தொடங்கி 1878ஆம் ஆண்டு வரை தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். அப்பஞ்சம் தலைப்பட்ட ஆண்டு தமிழர் கணக்கிலே தாது வருடமாகும். அறுபது ஆண்டுப் பெயர்களுள் ஒன்றாகிய அச்சொல் அதன்பின் ஆண்டின் பெயராக மட்டும் நிற்கவில்லை. பசியின் பெயராகவும் ஆகிவிட்டது. அப்பஞ்சத்தைப் பற்றிக் கும்மிப் பாட்டுகள் எழுந்தன. அரசாங்கம் எழுதி வைத்த அறிக்கைகள் நூல் நிலையங்களில் உறங்கின. கும்மியோ மக்களின் வாயிலே வாழ்ந்தது. அப்பஞ்சத்துக்குத் தப்பி, கடல் கடந்து, இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நாடி வந்தோர் பல்லாயிரவர். எனவே தாது வருடம் என்பது தமிழ்நாட்டின் நினைவு மாத்திரம் அன்று; நம் மலைநாட்டின் நினைவுமாகும்.

பெயரிட்டபின் மக்கள் காரணம் தேடுகின்றனர். காரணமின்றி இத்துணைத் துன்பம் வந்தது என்பதை மனித மனம் எளிதில் ஏற்பதில்லை. யார் செய்த பிழையால் இது நேர்ந்தது என்று அது வினவுகின்றது. பழைய இலக்கியங்களிலே இதற்குச் சான்றுகள் உள. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. நெடுமுடிக்கிள்ளி என்னும் சோழன், பீலிவளை பெற்ற தன் மகவைக் கடலில் இழந்த துயரத்தால் இந்திர விழாவை மறந்தான் என்றும், அதனால் எழுந்த தெய்வத்தின் சினத்தால் நகரம் கடல்வாய்ப்பட்டது என்றும் அக்காப்பியம் சொல்லும். நமது தீவின் பழைய வரலாற்று நூலாகிய மகாவம்சமும் ஏறக்குறைய இத்தகைய கதையொன்றைத் தருகின்றது. களனியை ஆண்ட தீசன் என்னும் அரசன் குற்றமற்ற துறவி ஒருவரைக் கொல்வித்தான். கடல் பொங்கி நாட்டுக்குள் புகுந்தது. கடலின் சீற்றத்தைத் தணிக்க அரசன் மகளைப் பொற்கலம் ஒன்றில் ஏற்றி அலைமீது விட்டனர். அவள் தென்கரையிலே ஒதுங்கி, பின்னர் துட்டகைமுனுவின் தாயானாள் என்பது அக்கதை.

மொழியாலும் சமயத்தாலும் வெவ்வேறு மரபுகளைச் சேர்ந்த இவ்விரு கதைகளும் ஒன்றையே வற்புறுத்துகின்றன. கடல் பொங்கியதற்குக் காரணம் அரசன் தவறியமை என்பதே அது. இதிலே ஒரு பெருமை உண்டு. மக்கள் துன்புறும்போது ஆள்வோன் பொறுப்பினின்று நழுவ இயலாது என்ற அறம் இக்கதைகளில் அமைந்து கிடக்கின்றது. ஆயினும் ஒரு குறையும் உண்டு. கடல் மீண்டும் ஒருநாள் பொங்கினால் கரையில் வாழ்பவன் யாது செய்தல் வேண்டும் என்பதை இக்கதைகள் சொல்லவில்லை. அவை ஏன் என்ற வினாவுக்கு விடை தந்தன. இனி என்ன என்ற வினாவை எழுப்பவில்லை.

காரணம் தேடும் இவ்வியல்பு பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி இந்தியாவின் பீகார் மாகாணத்தையும் நேபாளத்தையும் பெரும் பூமியதிர்ச்சி ஒன்று தாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. அவ்வேளையில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னிந்தியாவிலே சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனையே இவ்வதிர்ச்சி என்று அவர் திருநெல்வேலியிற் பேசினார். தீண்டாமையை அவரைப்போலவே வெறுத்தவரான கவி இரவீந்திரநாத் தாகூர் இக்கருத்தை மறுத்து அறிக்கை விடுத்தார். இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையிலேதான் காரணம் காணவேண்டும், ஒழுக்க நெறியை நிலைநாட்ட அண்டத்தின் நிகழ்ச்சியைத் துணைக்கழைத்தல் பகுத்தறிவுக்குக் கேடு என்பது தாகூரின் கருத்து. அவ்வறிக்கையைக் காந்தியடிகள் தமது அரிசன் இதழிலேயே வெளியிட்டு, தம் நம்பிக்கையினின்றும் தாம் மாறவில்லை என்று விடையும் எழுதினார். ஒருவரையொருவர் பெரிதும் மதித்த இருவர், ஒரே துயரத்தின் முன் நின்று, இருவேறு பொருள் கண்டனர். காந்தியடிகள் அத்துயரம் வீணாகப் போகாமல் ஒரு சமுதாயத் தீமையை ஒழிக்கப் பயன்படவேண்டும் என்று விரும்பினார் என்பது உண்மையே. ஆயின் இடிபாட்டினுள் மாண்ட குழந்தை எந்தப் பாவத்தைச் செய்தது என்ற வினாவுக்கு அவ்விளக்கத்தில் விடையில்லை.

ஐரோப்பாவிலும் இதே வினா ஒரு காலத்தில் எழுந்தது. 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி, சகல புனிதர் திருநாளன்று காலையில், மக்கள் தேவாலயங்களில் நிறைந்து வழிபட்டுக்கொண்டிருந்த வேளையிலே, போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பன் பூமியதிர்ச்சியால் தகர்ந்தது. எஞ்சியோர் ஆற்றங்கரைக்கு ஓடினர். அங்கே கடலலை அவர்களை வாரிக்கொண்டது. அதன்பின் மூண்ட தீ பல நாள் எரிந்தது. வழிபாட்டிலிருந்தோரே மாண்டமையால், இஃது இறைவனின் தண்டனை என்ற விளக்கம் பலருக்கு அமையவில்லை. வோல்தேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்வுலகில் யாவும் நன்மைக்கே என்ற தத்துவத்தை மறுத்துக் கவிதை எழுதினார். அவருக்கு எழுதிய கடிதத்திலே ரூசோ வேறொரு கோணத்தைக் காட்டினார். ஆறேழு மாடி வீடுகளை ஓரிடத்திலே ஆயிரக்கணக்காக நெருக்கிக் கட்டியது இயற்கை அன்று என்று அவர் நினைவூட்டினார். அதிர்ச்சி இயற்கையின் செயல். அழிவின் அளவோ மனிதரின் ஏற்பாட்டைப் பொறுத்தது என்ற இக்கருத்து, பேரிடரைப் பற்றிய சிந்தனையிலே புதிய வழி ஒன்றைத் திறந்தது.

போர்த்துக்கலின் அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு எனப் பெயர் பெற்றவர், இன்னும் ஒருபடி முன் சென்றார். அவர் நாட்டின் பங்குக் கோவில்கள் தோறும் வினாப்பட்டியல் ஒன்றை அனுப்புவித்தார். அதிர்ச்சி எத்துணை நேரம் நீடித்தது? கடல் முதலில் உயர்ந்ததா, தாழ்ந்ததா? வீடுகள் எத்தனை விழுந்தன? நிலம் வெடித்ததா? இத்தகைய வினாக்களுக்குப் பங்குக் குருமார் அளித்த விடைகள் இன்றும் அந்நாட்டின் சுவடிக்கூடத்தில் உள்ளன. யார் பிழை என்ற கேள்வி அப்பட்டியலில் இல்லை. நிகழ்ந்தது என்ன என்ற கேள்வியே இருந்தது. நகரை மீண்டும் கட்டியபோது, அதிர்ச்சியைத் தாங்கவல்ல மரச்சட்டங்களைச் சுவர்களுக்குள் அமைத்தனர். படைவீரரைச் சுற்றி நடக்கச் செய்து, அவர்தம் அடியதிர்வால் அச்சட்டங்களைச் சோதித்தனர் என்றும் கூறுவர். அதேவேளையிலே கார்மோ துறவிமடத்தின் கூரையற்ற வளைவுகள் நகர நடுவே இன்றும் நிற்கின்றன. புதிய சுவரும் பழைய இடிபாடும் ஒருங்கே நிற்கும் அந்நகரம் அறிவையும் துக்கத்தையும் ஒருசேரப் போற்றியது எனலாம்.

காரணம் தேடும் மனம் அறிவின் வழியிற் செல்லாது அச்சத்தின் வழியிற் சென்றால் நேர்வது யாது? 1923ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி யப்பானின் தலைநகராகிய தோக்கியோவையும் யோக்ககாமாவையும் பூமியதிர்ச்சியும் தீயும் அழித்தன. இறந்தோர் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர். அந்நாள்களில் வதந்தி ஒன்று பரவிற்று. அங்கே கூலி வேலைக்கு வந்திருந்த கொரியர் கிணறுகளில் நஞ்சிட்டனர், தீ வைத்தனர் என்பதே அவ்வதந்தி. அதை நம்பிய கூட்டத்தினர் ஆயிரக்கணக்கான கொரியரைத் தெருக்களிலே கொன்றனர். காவலரும் படையினருள்ளும் சிலர் அதற்கு உடந்தையாயினர். பூமி செய்த கொலையை மனிதர் தொடர்ந்தனர். துயருற்ற கூட்டம் ஒன்றுக்குக் குற்றவாளி தேவைப்படும்போது, வலிமையற்ற அயலவனே அகப்படுகின்றான். பேரிடருக்குப் பொருள் காணும் முயற்சியிலே நாம் அஞ்சவேண்டிய இடம் இதுவே.

இனி, எதிர்காலத்துக்கென நினைவைக் காத்த சிலரைக் காண்போம். யப்பானின் வடகிழக்குக் கரையாகிய சன்ரிக்குப் பகுதியை 1896ஆம் ஆண்டு யூன் 15ஆம் திகதி பேரலை தாக்கியது. ஏறத்தாழ 22,000 பேர் மாண்டனர். 1933ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி மீண்டும் தாக்கியது. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். அக்கரையோரத்திலே நினைவுக் கற்கள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அவற்றுள் அனெயோசி என்னும் சிற்றூரின் கல் புகழ்பெற்றது. அவ்வூரில் 1896இல் எஞ்சியோர் இருவரே. 1933இல் எஞ்சியோர் நால்வரே. அதன்பின் மலைச்சரிவிலே நாட்டப்பட்ட அக்கல், உயர்ந்த இடத்திலுள்ள வீடே வழித்தோன்றல்களுக்கு அமைதி தரும் என்றும், இவ்விடத்துக்குக் கீழே வீடு கட்டலாகாது என்றும் சொல்லுகின்றது. ஊரார் அதற்குப் பணிந்தனர். 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி எழுந்த பேரலை அவ்வூரை அடுத்த பள்ளத்தாக்கிலே 38 மீற்றருக்கும் மேலான உயரத்துக்கு ஏறியது. ஆயினும் கல்லை அடையுமுன் நின்றுவிட்டது. ஊரின் வீடுகள் அழியவில்லை.

ஆனால் கல் நாட்டினால் மட்டும் போதும் என்று கொள்ளலாகாது. அதே கரையிலே, கற்கள் நின்ற வேறு பல ஊர்கள் 2011இல் அழிந்தன. அந்நாட்டில் அன்று இறந்தோரும் காணாமற் போனோரும் 18,000க்கும் மேற்பட்டோர். மீனவனுக்குத் தொழில் கடலிலே. முதல் தலைமுறை மேட்டுக்குச் செல்கின்றது; இரண்டாந் தலைமுறை வலையும் படகும் இருக்குமிடத்துக்கு இறங்கி வருகின்றது; மூன்றாந் தலைமுறைக்குக் கல் வெறுங் கல்லாகிவிடுகின்றது. 869ஆம் ஆண்டில் சென்டாய்ச் சமவெளியைக் கடல் மூடிய செய்தி யப்பானிய அரச வரலாற்றேட்டில் எழுதப்பட்டிருந்தது. அக்கடல் விட்டுச்சென்ற மணற்படையை ஆய்வாளர் வயல்களின் கீழே கண்டுமிருந்தனர். ஏட்டிலும் மண்ணிலும் இருந்த நினைவு, மக்கள் மனத்தில் இல்லை.

கல்லும் ஏடும் செய்யாததை ஒரு சொல் செய்த வரலாறும் உண்டு. சுமாத்திரா தீவின் மேற்கே சிமெலு என்னும் சிறு தீவு உள்ளது. 1907ஆம் ஆண்டு அதனைப் பேரலை ஒன்று தாக்கிப் பலரைக் கொன்றது. அதற்குத் தீவினர் இட்ட பெயர் 'சுமோங்' என்பது. அச்சொல் கதையிலும் பாட்டிலும் தாலாட்டிலும் புகுந்தது. நிலம் கடுமையாக நடுங்கி, அதன்பின் கடல் பின்வாங்கினால், பொருளைத் தேடாதே, மேட்டுக்கு ஓடு என்பதே அக்கதைகளின் சாரம். பாட்டிமார் அதைப் பேரருக்குச் சொல்லினர். அவர்கள் தம் பேரருக்குச் சொல்லினர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி பெரும் பூமியதிர்ச்சி நேர்ந்தபோது, அதன் பிறப்பிடத்துக்கு மிக அண்மையில் இருந்த தீவுகளுள் சிமெலுவும் ஒன்று. அலை வந்துசேரச் சில நிமிடங்களே இருந்தன. 'சுமோங்' என்ற கூவல் எழுந்தது. மக்கள் குன்றுகளுக்கு ஓடினர். 70,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவிலே அன்று இறந்தோர் எழுவர்.

நேயர்களே, அதே நாளிலே நமது தீவில் நேர்ந்ததை நாம் அறிவோம். அன்று ஞாயிற்றுக்கிழமை; நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள்; பூரணை விடுமுறை நாளுமாகும். அலை நமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. சிமெலுவுக்கு நிமிடங்களே கிடைத்தன. நமக்கு மணிக்கணக்கிற் காலம் இருந்தது. ஆயினும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களை நாம் இழந்தோம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் 10,000க்கும் மேற்பட்டோர். நமக்கு எச்சரிக்கை விடுக்கும் ஏற்பாடு இந்து சமுத்திரத்தில் அன்று இருக்கவில்லை. கடலின் போக்கை உணர்த்தும் சொல்லும் நம் மக்களிடம் இருக்கவில்லை. தென்மேற்குக் கரையிலே கடல் பின்வாங்கியபோது, வெளிப்பட்ட தரையைப் பார்க்கச் சென்றோர் பலர். பெரேலியாவிலே முதலலையால் நின்றுபோன புகைவண்டியிற் பலர் அடைக்கலம் தேடி ஏறினர். அதனிலும் பெரிய அலை ஒன்று பின்தொடரும் என்பதை அவர்கள் அறியார். அப்புகைவண்டியிலும் அதனருகிலும் மாண்டோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

கடல்கோளைப் பாடிய மொழி நம்முடையது. கடல் பொங்கிய கதையை எழுதிய தீவும் நம்முடையது. ஆனால் அக்கதைகளில் மன்னனின் பிழை இருந்தது. கடலின் நடத்தை இருக்கவில்லை. சிமெலுவின் தாலாட்டிலே மன்னன் இல்லை. கடலின் நடத்தை மட்டும் இருந்தது. இரு நினைவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவே. முன்னோரை நாம் குறைகூறவேண்டியதில்லை. நீண்ட இடைவெளிக்கு ஒருமுறையே நிகழும் ஒன்றை நினைவில் வைத்தல் எளிதன்று. ஆயின் நமக்கு அச்சாக்கு இனி இல்லை.

இன்று இந்து சமுத்திரத்திலே எச்சரிக்கை ஏற்பாடு உண்டு. ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் திகதி காலை 9.25 மணிக்கு நாடெங்கும் இரு நிமிட மௌனம் காக்கின்றோம். கரையோர ஊர்கள் பலவற்றில் நினைவுத்தூண்கள் எழுந்துள்ளன. இவை யாவும் வேண்டியனவே. இறந்தோரின் பெயரை உரக்கச் சொல்லுதலும், விளக்கேற்றுதலும், உடல் கிடைக்காதவர்க்குக் கடற்கரையிலே மலர் தூவுதலும் உயிரோடிருப்போரின் உள்ளத்தை ஆற்றும். ஆனால் மௌனத்தோடு ஒரு சொல்லும் சேர வேண்டும். 2004ஆம் ஆண்டிற் பிறந்த பிள்ளைகள் இன்று வளர்ந்தோராகிவிட்டனர். அவர்களுக்கு அந்நாள் பெரியோர் சொல்லக் கேட்ட கதை. அவர்களின் பிள்ளைகளுக்கு அது நாட்காட்டியில் ஒரு திகதியாக மட்டும் ஆகிவிடலாம்.

அந்தச் சொல் எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? முதலாவதாக, அது உண்மையாய் இருத்தல் வேண்டும். கடல் எப்போதும் முதலிற் பின்வாங்கும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லலாகாது. 2004இல் நமது கிழக்குக் கரைக்கு அலை உயர்ந்தபடியே முதலில் வந்தது. தொலைவில் நேரும் அதிர்ச்சியை நாம் உணராமலும் இருக்கலாம். எனவே சிமெலுவின் பாடத்தை அப்படியே பெயர்த்தெடுத்தல் போதாது. நிலம் நடுங்கினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்தாலோ உயர்ந்தாலோ, எச்சரிக்கை கேட்டாலோ உடனே மேட்டை நாடுக என்பதும், முதலலை போனபின் திரும்பி வராதே என்பதும் நமது பாடமாதல் வேண்டும். இரண்டாவதாக, அது குழந்தையின் செவிக்கு எட்டவேண்டும். அதே 2004ஆம் ஆண்டிலே தாய்லாந்தின் கடற்கரையொன்றில் பத்து வயதுப் பிரித்தானியச் சிறுமி ஒருத்தி, இரு வாரங்களுக்கு முன் பூமிசாத்திர வகுப்பிற் கற்றதைக் கொண்டு கடலின் மாற்றத்தை உணர்ந்து, அங்கிருந்தோரை விலகச் செய்தாள். ஒரு பாடவேளை ஒரு கரையைக் காத்தது. மூன்றாவதாக, அது யாரையும் பழிப்பதாய் இருத்தலாகாது. அலை மதம் பார்க்கவில்லை, மொழி பார்க்கவில்லை. அதனை நினைக்கும் நாமும் பார்த்தலாகாது.

பேரிடருக்குப் பொருள் யாது என்று தத்துவ ஞானிகள் நெடுங்காலமாக வினவி வருகின்றனர். அதற்கு முற்றான விடை கிடைக்குமோ என்பது ஐயமே. ஆயினும் இறந்தோருக்கு நாம் செய்யத்தக்க கடன் ஒன்று உண்டு. அவர்கள் அறியாமல் மாண்டதை, அவர்தம் பேரப்பிள்ளைகள் அறிந்து வாழும்படி செய்தலே அது. இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளைகளை அருகிருத்தி, அந்நாளிலே நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். துயரத்தை மட்டும் சொல்லாதீர்கள்; எந்தப் பாதையால் ஓடினீர்கள், எந்த மேட்டிலே நின்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.